நடமாடும் வீட்டிற்கு நற்காவல்

வீடு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவது ஓரிடத்தில் நிலைபெற்ற கட்டடம். வண்டி என்னும் சொல்லைக் கேட்டவுடன் தோன்றுவது ஓரிடத்தில் நில்லாத ஊர்தி. இவ்விரண்டும் ஒன்றாகி, உண்ணவும் உறங்கவும் உடைமைகளை வைக்கவும் ஏற்ற இடம் சக்கரங்களின்மீது அமையுமாயின் அதனை நடமாடும் வீடு என்கிறோம். மேலைநாட்டார் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் இவ்வகை ஊர்தியைக் 'கேரவன்' என்னும் பெயரால் நம்மவரும் அறிவர்.

வீட்டில் திருடு போனால் பொருள் போகும், வீடு நிற்கும். வண்டி திருடுபோனால் வண்டி போகும். திரும்பிச் செல்ல வீடு இருக்கும். நடமாடும் வீடு திருடுபோனாலோ இரண்டும் ஒருங்கே போகும். ஆதலின் அதன் காவலைத் தனியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பூட்டுத் தொழிலால் பெயர்பெற்ற திண்டுக்கல் மண்ணில் நின்று அதனை எண்ணிப் பார்ப்பது மிகவும் பொருத்தமாகும்.

உமணர் வண்டியும் இக்கால ஊர்தியும்

நடமாடும் வீடு தமிழர்க்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, உப்பு வணிகராகிய உமணரின் வண்டியை நம் கண்முன் நிறுத்துகிறது. கூரை வேய்ந்த அவ்வண்டியில் கோழி தங்கக் கூடு உண்டு; ஊறுகாய்க் கலம் கட்டப்பட்டிருக்கும்; கைக்குழந்தையுடைய பெண் எருதுகளை ஓட்டுவாள். கணவன், மனைவி, குழந்தை, கோழி என ஒரு குடும்பமே வண்டியோடு வழிநடந்தது. உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் சென்ற சேம அச்சினை ஔவையார் புறநானூற்றில் உவமையாக எடுத்தாண்டுள்ளார். பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்செய்வது எனப் புறப்படுமுன்னரே எண்ணிய முன்னறிவு அது. ஆறலை கள்வர்க்கு அஞ்சி வணிகர் தனித்துச் செல்லாது சாத்துகளாகத் திரண்டு சென்றமையையும் சங்கநூல்களால் அறிகிறோம். முன்னேற்பாடும் கூட்டுறவுமே அன்றைய வழிக்காவல்.

இன்றைய நிலை யாது? செல்வர் உலாவுக்குரிய சொகுசு ஊர்தியை மட்டும் நினைத்தல் போதாது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணறு லாரிகளில் செல்வோர் திங்கள் கணக்கில் வடமாநிலங்களில் தங்கி அவ்வண்டியிலேயே வாழ்கின்றனர். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்திற்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்க்கு அவ்வண்டியின் முன்னறையே இரவு வீடு. பழனிக்கும் சபரிமலைக்கும் குடும்பத்தோடு செல்வோர் வேனில் அடுப்பும் பாத்திரமும் ஏற்றிச் சென்று வழியில் சமைத்து உண்கின்றனர். கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம், குமுளி வழியே இடுக்கி மலைக்கு ஏறும் சாலையில் இனி இத்தகைய ஊர்திகள் மிகுதியாகச் செல்லும். வடக்கிலிருந்து குமரி நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், முன்னர் 7ஆம் எண் பெற்றிருந்தது, திண்டுக்கல்லைத் தொட்டே செல்கிறது. எனவே வண்டிக் காவல் என்பது இச்சமவெளி மக்களின் நாள்முறைச் செய்தியாகும்.

கள்வன் வேண்டும் மூன்று

காவலை அறிய விரும்புவோர் முதலில் களவை அறிதல் வேண்டும். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன், கள்வர்க்குத் துணையாவன எட்டு என எண்ணிக் காட்டுகிறான். மந்திரம், மருந்து, தெய்வம், நிமித்தம் போன்றவற்றை இன்று நாம் விலக்கிவிடலாம். ஆயின் அப்பட்டியலில் இடம்பெறும் இடம், காலம், கருவி ஆகிய மூன்றும் இன்றளவும் மாறாதவை. மறைந்து நின்று வேலை செய்ய ஓர் இடம், வேலையை முடிக்கப் போதிய காலம், பூட்டையும் பொறியையும் வெல்லும் கருவி ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தால் எவ்வூர்தியும் களவு போகும். இவற்றுள் ஒன்றையேனும் நாம் பறித்துக்கொண்டால் கள்வன் பெரும்பாலும் அடுத்த வண்டியை நாடிச் சென்றுவிடுவான். காவலின் கலை முழுவதும் இம்மூன்றையும் மறுப்பதிலேயே அடங்கியுள்ளது.

காவல் செய்வது இறைநம்பிக்கைக்கு மாறாகுமோ என ஐயுறுவாரும் உளர். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பியிருக்கலாமா என்று வினவிய ஒருவர்க்கு, முதலில் அதனைக் கட்டிவைத்து அதன்பின் நம்பிக்கை கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி நம்மில் பலரும் அறிந்ததே. பாலைவழிப் பயணிக்கு ஒட்டகம் எதுவோ, நெடுஞ்சாலைப் பயணிக்கு ஊர்தி அது. கட்டுவது நம் கடமை. அதன்பின் வருவதே நம்பிக்கை.

இடத்தை மறுத்தல்

திண்டுக்கல் கோட்டையைப் பார்த்தவர் இடத்தின் வலிமையை எளிதில் உணர்வர். நாயக்கர் காலத்தில் எழுந்த அக்கோட்டையில் 1755ஆம் ஆண்டு ஐதர் அலி பௌஜ்தாராக வந்தமர்ந்தார். செங்குத்தான பாறையே அதன் முதற்காவல். மதிலும் கதவும் அதன் பின்னரே. வண்டிக்கும் அதுவே முறை. நல்ல பூட்டை நாடுமுன் நல்ல இடத்தை நாடவேண்டும்.

நெடுஞ்சாலையின் இருளான ஓரத்திலும், புறவழிச்சாலைப் பாலத்தின் அடியிலும் வண்டியை நிறுத்தி உறங்குதல் தீது. விளக்கொளி உள்ள எரிபொருள் நிலையம், ஆள்நடமாட்டம் உள்ள உணவகம், காவல் நிலையத்தின் அண்மை, சுங்கச்சாவடியை அடுத்த நிறுத்துமிடம் ஆகியன நல்லவை. பெரிய ஊர்தியாயின் அதன் கதவுப்பக்கம் ஒளியை நோக்கியிருக்குமாறு நிறுத்தலாம். சுவரை ஒட்டிப் பின்புறத்தை நிறுத்தினால் பின்கதவைத் திறக்க இயலாது. பூட்டின் வேலையைச் சுவரே செய்துவிடும். முன்சக்கரங்களை ஒருபுறமாகத் திருப்பி நிறுத்தினால் வண்டியைக் கயிறுகட்டி இழுத்துச் செல்வதும் கடினமாகும். இருவர் மூவராகப் பயணம் செய்வோர் தம் வண்டிகளை அருகருகே நிறுத்துவது பழைய சாத்து முறையின் பயனைத் தரும்.

ஊருக்குத் திரும்பியபின் பல வாரங்கள் ஓட்டாமல் நிற்கும் வண்டிக்கே இடர் மிகுதி என்பதையும் மறத்தலாகாது. தூசு படிந்த கண்ணாடி 'இதனை யாரும் பார்ப்பதில்லை' என்று கள்வனுக்குச் சொல்லிவிடும். வாரம் ஒருமுறை துடைத்து, எஞ்சினை இயக்கி, சற்றே இடம்மாற்றி நிறுத்துதல் நன்று. மின்கலத்தைக் கழற்றி வைத்தால் அதற்கும் நலம், வண்டிக்கும் காவல்.

காலத்தை மறுத்தல்

பூட்டைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. நல்ல பூட்டு திறக்கவே முடியாதது என்று கருதுகின்றனர். வரலாறு அதனை ஒப்பவில்லை. இலண்டனில் ஜோசப் பிராமா என்பவர் செய்த பூட்டு ஒன்று, திறப்பவர்க்குப் பரிசு உண்டு என்னும் அறிவிப்போடு அரை நூற்றாண்டுக்கு மேல் கடையின் முகப்பில் இருந்தது. 1851ஆம் ஆண்டு நடைபெற்ற உலகப் பெருங்கண்காட்சியின்போது அமெரிக்கராகிய ஹாப்ஸ் அதனைத் திறந்துவிட்டார். ஆயினும் அதற்கு அவர்க்குப் பதினாறு நாட்களில் 50 மணி நேரத்திற்கு மேல் தேவைப்பட்டது. அமைதியான அறையில், யாரும் தடுக்காத நிலையில், தேர்ந்த வல்லுநர்க்கே அவ்வளவு காலம் வேண்டியிருந்தது. நெடுஞ்சாலைக் கள்வனுக்கோ சில நிமிடங்களே உண்டு. பூட்டு என்பது காலத்தை வாங்கித் தரும் கருவி. நாம் விலை கொடுத்து வாங்குவது இரும்பை மட்டுமன்று. கள்வன் செலவிடவேண்டிய நிமிடங்களையும் வாங்குகிறோம்.

ஆகவே ஒரே பெரிய பூட்டைவிட வெவ்வேறு வகையான இரண்டு மூன்று தடைகள் மேலானவை. ஸ்டீயரிங்கை அசையவிடாது நிறுத்தும் இரும்புக்கோல், கியரைப் பிணிக்கும் பூட்டு, சக்கரத்தைக் கவ்வும் விலங்கு, எரிபொருள் அல்லது மின்னோட்டத்தைத் துண்டிக்கும் மறைவான சுவிட்ச் ஆகியன ஒவ்வொன்றும் தனித்தனி உத்தியை வேண்டுவன. கண்ணுக்குத் தெரியும் தடை கள்வனைத் தயங்கச் செய்யும். தெரியாத தடை அவனைத் திகைக்கச் செய்யும். இரண்டும் இருத்தல் வேண்டும்.

நடமாடும் வீட்டிற்குச் சாதாரணக் காரைவிட வாயில்கள் மிகுதி. ஓட்டுநர் கதவு, வாழறைக் கதவு, பின்கதவு, கூரையின் காற்றுத்துளை, பக்கச் சன்னல்கள், எரிவாயு உருளை வைக்கும் பெட்டி, வெளிப்புறப் பொருளறை என அவை விரியும். தொழிற்சாலையில் பொருத்தப்படும் பக்கக்கதவுத் தாழ்கள் பல மெல்லியவை. உள்ளிருந்து ஓர் இரும்புத் தாழும் வெளியிலிருந்து ஒரு கொண்டியும் நாதாங்கியும் பொருத்துதல் நலம். கொண்டியைத் திருகாணியால் மட்டும் பொருத்தினால், பூட்டு எவ்வளவு வலிதாயினும் திருகாணியைக் கழற்றி முடித்துவிடுவர். தகட்டை ஊடுருவிச் செல்லும் போல்ட்டை இட்டு உட்புறம் நட்டால் முடுக்குதல் வேண்டும். உள்ளே மக்கள் உறங்குகையில் வெளிப்பூட்டு இடுதல் ஒருபோதும் கூடாது. தீ நேர்ந்தால் சாவியின்றி உள்ளிருந்தே திறக்கும் வழி இருந்தாக வேண்டும். உயிர்க்காவலுக்குப் பின்னரே பொருட்காவல்.

திண்டுக்கல் பூட்டின் நுட்பம்

காலத்தை வாங்கித் தரும் இக்கருவியைச் செய்வதில் திண்டுக்கல்லுக்கு நிகரான ஊர் தென்னகத்தில் இல்லை. நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி முதலிய பகுதிகளில் வீட்டுத் திண்ணையும் சிறு பட்டறையுமே தொழிற்கூடங்கள். மாங்காய் வடிவினதாகிய மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்புகையில் ஒலியெழுப்பும் மணிப்பூட்டு, அலமாரிப் பூட்டு, இழுப்பறைப் பூட்டு, கடைகளுக்கான ஷட்டர் பூட்டு என வகைகள் பல. மணிப்பூட்டின் நுட்பம் நம் பொருளுக்கு மிகவும் உரியது. இன்றைய வண்டிகளில் அலறும் மின்னொலி செய்யும் வேலையை, மின்சாரமின்றி ஒரு சிறு மணி செய்துவிடுகிறது.

இப்பூட்டுகளின் உயிர்நிலை லீவர் எனப்படும் தகடுகள். 1778இல் இங்கிலாந்தில் இராபர்ட் பேரன் என்பவர் செம்மைப்படுத்திய முறை இது. பூட்டினுள் தகடுகள் அடுக்காக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்கினால்தான் வெட்டுகள் யாவும் ஒரே நேர்கோட்டில் அமைந்து தாழ் நகரும். ஒரு தகடு ஒரு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் தாழ் அசையாது. தகடுகள் மிக மிகக் கள்ளச்சாவியின் வேலை கடினமாகும். எந்திரத்தில் ஆயிரக்கணக்கில் வார்க்கும் பூட்டுகளில் ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறப்பதும் உண்டு. அரம் கொண்டு கையால் இழைத்த பூட்டில் அதற்கு வாய்ப்பு அரிது. ஏனெனில் ஒரு கைவினைஞர் இழைத்த தகட்டை அவரே மறுமுறை அவ்வாறே இழைத்தல் அரிது.

பொறிநுட்பத்தில் கீழைநாடுகளின் பங்கும் சிறிதன்று. தியார்பக்கிர் பகுதியில் வாழ்ந்த அறிஞர் அல்ஜஸரீ 1206ஆம் ஆண்டில் முடித்த பொறியியல் நூலில், சாவியே இன்றி, எழுத்துகள் பொறித்த நான்கு வட்டுகளைத் திருப்பித் திறக்கும் பூட்டு ஒன்றை விளக்கியுள்ளார். இன்று பயணப்பெட்டியில் நாம் திருப்பும் எண்பூட்டின் முன்னோடி அது.

திண்டுக்கல் பூட்டிற்கு 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமை வந்த அளவிற்கு வாழ்வு வரவில்லை. வடநாட்டு அலிகரிலிருந்து வரும் மலிவான எந்திரப் பூட்டுகளோடு விலையில் போட்டியிட இயலாமல் பட்டறைகள் பல மூடப்பட்டன. நாள் முழுதும் அரம் பிடித்துப் பெறும் கூலி குடும்பத்திற்குப் போதாமையால் இளைஞர் பிற தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்குப் போகாத தொழிலறிவு ஒரு தலைமுறையோடு மறையும். கடையில் விலையை மட்டும் பார்த்துப் பூட்டு வாங்கும் நமக்கும் அதில் பங்குண்டு.

கருவியை மறுத்தல்

கள்வனின் மிகச் சிறந்த கருவி நம் சாவியே. வண்டிச் சாவியைப் பற்றுப்பெட்டியின் மேலும், சக்கரத்தின் இடுக்கிலும், கண்ணாடி மறைப்பின் பின்னும் வைப்போர் இன்னும் உளர். அவ்விடங்களைக் கள்வன் நம்மினும் நன்கறிவான். பழுதுபார்க்கும் இடத்தில் வண்டியை விடும்போது வாழறைச் சாவியையும் பெட்டிச் சாவிகளையும் வளையத்திலிருந்து பிரித்துத் தம்மிடம் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

புதிய ஊர்திகளின் சாவியினுள் ஒரு சிறு மின்னணுச் சில்லு உள்ளது. அதன் குறியீட்டை வண்டி அறிந்தாலன்றி எஞ்சின் இயங்காது. பையில் இருக்கும்போதே கதவைத் திறக்கும் கம்பியில்லாச் சாவிகளிலோ வேறோர் இடர் உண்டு. அச்சாவி விடும் அலையை ஒரு கருவியால் வாங்கி, வண்டியின் அருகே மற்றொரு கருவியால் வெளியிட்டுக் கதவைத் திறக்கும் திருட்டு முறை பல நாடுகளில் பரவியுள்ளது. இரவில் அச்சாவியை மூடிய உலோகப் பெட்டியில் வைத்தால் அலை வெளிப்படாது. மின்னணுவின் இக்குறையை நிரப்புவது பழைய இரும்புப் பூட்டே. அலை வாங்கும் கருவியால் கியர்ப் பூட்டைத் திறக்க இயலாது. இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியைக் கண்ணில் படாத இடத்தில் பொருத்துதல் வேண்டும். அது களவைத் தடுக்காது. களவு போனதை மீட்க உதவும்.

களவு போயின்

அத்தனையும் செய்தும் களவு நேரின் கலங்கி நிற்றல் கூடாது. 112 அல்லது 100 எண்ணுக்கு உடனே தெரிவித்து, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எவ்வூரில் நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். வழிப்பயணிக்கு இது பேருதவி. சுங்கச்சாவடியைக் கடக்கையில் ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து வரும் குறுஞ்செய்தி, வண்டி சென்ற திசையைக் காட்டிக்கொடுக்கக்கூடும். அக்கணக்கை அவசரப்பட்டு முடக்காமல் காவலரிடம் முதலில் சொல்லுதல் நன்று. எஞ்சின் எண், சேசிஸ் எண், வண்டியின் நாற்புறப் படங்கள், உள்ளிருந்த பொருள்களின் பட்டியல் ஆகியவற்றை முன்னரே வீட்டில் வைத்திருப்போர்க்கு இப்பணி எளிது.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது என்பதும் அறியத்தக்கது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் சாதாரணத் திருட்டிற்கு 3 ஆண்டு வரையும், மனிதர் வாழும் கட்டடம், கூடாரம், கலம் ஆகியவற்றில் நிகழும் திருட்டிற்கு 7 ஆண்டு வரையும் சிறை விதித்தது. அப்பட்டியலில் சாலையூர்தி இல்லை. அதற்கு மாற்றாக 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு, குடியிருப்பில் நிகழும் திருட்டோடு, பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் ஊர்தியைத் திருடுவதையும் அதிலிருந்து பொருளைத் திருடுவதையும் ஒரே நிரலில் வைத்து 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. வீடும் வண்டியும் சட்டத்தின் ஒரே பிரிவிற்குள் வந்துவிட்டன.

காப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாம் நபர்க் காப்பீடு மட்டும் எடுத்தவர்க்கு வண்டி திருடுபோனால் ஒரு காசும் கிடைக்காது. முழுமைக் காப்பீடு வேண்டும். அதிலும் வண்டிக்கே ஈடு கிடைக்கும். உள்ளிருந்த துணிமணிக்கும் பாத்திரத்திற்கும் தனிக்காப்பு வேண்டும். இரண்டு சாவிகளையும் ஒப்படைக்குமாறு நிறுவனங்கள் கேட்கும். சாவியை வண்டியிலேயே விட்டுச் சென்றது தெரியவரின் கவனக்குறைவு எனக் கூறி ஈட்டை மறுக்க முனைவர். முதல் தகவல் அறிக்கை உடனே பதிவாகியிருப்பின், நிறுவனத்திற்குத் தாமதமாகத் தெரிவித்தமை ஒன்றையே காட்டி ஈட்டை மறுத்தல் ஆகாது என உச்சநீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது.

நிறைவாக

பொற்கொல்லன் கூறிய களவிலக்கணத்தில் ஒரு கசப்பான உண்மை பொதிந்துள்ளது. அதனை அத்துணைத் தெளிவாக எடுத்துரைத்தவனே அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன். களவின் வழியறிந்தவன் கள்வனும் ஆகலாம், காவலனும் ஆகலாம். பூட்டுச் செய்யும் கைவினைஞர் தம் பூட்டின் ஒவ்வொரு தகட்டையும் அறிவார். அவர் நினைத்தால் இன்னொரு சாவி செய்ய ஒரு பொழுது போதும். எனினும் தலைமுறை தலைமுறையாக அச்சாவியைச் செய்யாதிருந்தமையால்தான் 'திண்டுக்கல் பூட்டு' என்னும் பெயர் நிலைத்தது. அறிவோடு அமானிதம் சேர்ந்த இடத்தில் காவல் பிறக்கிறது.

எனவே பயணம் புறப்படும் அன்பர்கள் இடத்தை ஆய்ந்து நிறுத்துக. தடைகளை இரண்டாக மூன்றாக இடுக. சாவியைத் தம்மோடு வைத்துக்கொள்க. ஆவணங்களை வீட்டில் படியெடுத்து வைக்க. திண்டுக்கல் வழியே செல்லுங்கால் நாகல்நகரில் சற்றே வண்டியை நிறுத்தி, கையால் இழைத்த பூட்டு ஒன்றை வாங்கிக் கொண்டிக்கு இடுக. நம் பொருளுக்குக் காவல் கிடைக்கும். அதனை இழைத்த குடும்பத்தின் அடுப்பும் எரியும்.